குருநகர் இறங்குதுறையில் நான் கெடுத்த மூன்று பலகைகள்

எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் மூன்று பலகைகள் முகத்தைச் சுவருக்குக் காட்டியபடி நிற்கின்றன. மூன்றிலும் யாழ்ப்பாணத்துக் குருநகர் இறங்குதுறை. மூன்றும் கெட்டுப்போனவை. எறியாமல் வைத்திருப்பதற்குக் காரணம் பாசமில்லை. அடுத்த பலகையைத் தொடங்கமுன் ஒருதரம் திருப்பிப் பார்த்தால், எந்த இடத்தில் கை பிழைக்கும் என்பது நினைவுக்கு வரும்.

நான் கணித ரீச்சர். சித்திரம் படித்தது தரம் எட்டோடு சரி. போன வருடம் பள்ளிக்கூட விடுமுறையில், 43 வயதில், ஆறு ரியூப் அக்ரிலிக்கும் மூன்று தூரிகையும் வாங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் கரைக்குப் போனேன். ஓவியர் மாற்கு பிறந்த ஊர் இது. அந்தக் காற்றில் நின்றால் கொஞ்சமாவது கைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. வரவில்லை.

முதல் நாள் செய்ததைச் சொல்கிறேன். மீன் கூறி விற்கும் சத்தம் ஒரு பக்கம், யாகப்பர் கோவில் பக்கமிருந்து வரும் சைக்கிள்களும் ஓட்டோக்களும் இன்னொரு பக்கம். கிட்ட ஒரு நீல வள்ளம் கட்டியிருந்தது. பிளாஸ்ரிக் வள்ளம்தான், 18 அடி இருக்கும். விளிம்பில் சிவப்புக் கோடு. பார்க்க ஆசையாக இருந்ததால் நேரே அதிலேயே தொடங்கினேன். வெள்ளைப் பலகையின் நடுவில், பென்சிலால், விளிம்பு விளிம்பாக. நாற்பது நிமிடம். வள்ளம் நன்றாகத்தான் வந்தது. நீலம் பூசி, சிவப்புக் கோடும் இழுத்து முடிக்கும்போது ஒருவர் வந்து, “பிள்ளை, கொஞ்சம் விலத்துங்கோ, எடுக்கப்போறன்” என்றார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், அவருக்குத் தொழில். ஆனால் என் பலகையில் நடுவே ஒரு வள்ளம், சுற்றிலும் வெள்ளை. அதன் கீழே தண்ணீர் எவ்வளவு, மேலே வானம் எவ்வளவு, அது எந்த நிறத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஒன்றுமே தெரியாது. பிறகு வீட்டில் வைத்து அடிவானத்தைக் கீறினேன். அது வள்ளத்தின் இடுப்பில் போய் முட்டியது. அதோடு அரை விரற்கடை சரிவாகவும் இருந்தது. கடல் ஒரு பக்கமாக ஊற்றுப்பட்டுப் போவதுபோல. அந்தப் பலகை அலுமாரிக்குப் பின்னால் போனது.

இரண்டாவது பலகையை ஒழுங்காகத் தொடங்கினேன் என்றுதான் நினைத்தேன். அடிவானத்தை முதலில், அடிமட்டம் வைத்து. வள்ளங்கள் ஐந்து. சிலது வலப்பக்கம் பார்க்க, சிலது இடப்பக்கம் பார்க்க, எல்லாம் மூக்கை எனக்குக் காட்டியபடி. படம் நிரம்பி இருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா, கையில் ஊசியோடு எழும்பி வந்து பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

“பிள்ளை, உது எந்த மாசத்துப் படம்?”

“இப்பத்தான் ஐயா, பாத்துக் கீறுறன்.”

“இப்ப சோளகமெல்லோ. உந்த வள்ளம் வாடைக்கு நிக்குது. அங்காலை நிக்கிறது எந்தக் காத்துக்கு நிக்குதெண்டு எனக்கு விளங்கேல்லை.”

சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. நான் நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே கடல். ஒற்றை நங்கூரத்தில் நின்ற எல்லா வள்ளமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட விலக்கில்லை. அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) தென்மேற்கே, அமரம் (பின்பக்கம்) என் பக்கம். எஞ்சின் தலைகள் வரிசையாக என்னைப் பார்த்தன. நான் கீறியதோ ஒன்றின் மூக்கும் இன்னொன்றின் பக்கவாட்டும். நாட்காட்டிப் படங்களில் வள்ளம் எப்போதும் மூக்கைத்தான் காட்டும். கை அதைத்தான் கீறியிருக்கிறது. கண் சும்மா இருந்திருக்கிறது.

ஐயா விளக்கமாகச் சொன்னார். நங்கூரக் கயிறு அணியத்தில்தான் கட்டுவது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ வள்ளம் அந்தப் பக்கம் முகத்தைக் கொடுத்து நிற்கும். குருநகர்க் கரை தெற்கே பார்த்த கரை. ஆகவே வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும் காலத்தில் கரையில் நிற்பவனுக்கு அமரம் தெரியும். வாடை தொடங்கி வடகிழக்கிலிருந்து காற்று வந்தால் எல்லாம் திரும்பி அணியத்தைக் காட்டும். கரையோடு பின்கயிறும் போட்டுக் கட்டியவையும், தடியில் கட்டியவையும் இந்தக் கணக்கில் சேராது. மற்றதெல்லாம் ஒரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே பக்கம்தான் பார்க்கும். “மாறி நிண்டா ஒண்டில் நீரோட்டம், இல்லாட்டி காத்து விழுந்துபோச்சு” என்றார். அப்புறம் ஊசியைத் தூக்கிக்கொண்டு வலைக்குப் போய்விட்டார்.

துறைமுகம் கீறத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதில் பெரிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். தூரிகையை எடுக்கமுன் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, பலகையின் பின்பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்த ஒரு அம்புக்குறியில் வள்ளம் மட்டும் இல்லை, எல்லாமே அடங்கிவிடும். தண்ணீரில் சுருக்கம் எந்தப் பக்கம் ஓடும், கொடி எந்தப் பக்கம் பறக்கும், காயப்போட்ட வலை எந்தப் பக்கம் உப்பும், வாடிக் கொட்டிலின் கிடுகு எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் படத்தைப் பார்த்தால், கடலோடு பழக்கமில்லாதவருக்கும் ஏனென்று தெரியாமலே அது உண்மையாகத் தோன்றும்.

அடிவானக் கதைக்குத் திரும்பி வருகிறேன். இது என் பாடம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

அடிவானம் எப்போதும் நம் கண்மட்டத்தில் இருக்கும். எல்லாப் புத்தகத்திலும் உள்ள வசனம். ஆனால் கரையில் அதை வைத்து என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் இருக்கும் தளம் தண்ணீரிலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரம். முக்காலியில் இருந்தால் என் கண் தளத்திலிருந்து மூன்றரை அடி. ஆகவே தண்ணீரிலிருந்து எட்டரை அடியில் என் கண். அப்படியென்றால் தண்ணீரில் நிற்கும் எந்தப் பொருளையும், கிட்ட நின்றாலும் தூர நின்றாலும், அடிவானக் கோடு அதன் எட்டரை அடி உயரத்தில்தான் வெட்டும். 17 அடிக் கம்பம் என்றால் சரிபாதியில். வள்ளத்தின் விளிம்பு தண்ணீரிலிருந்து இரண்டடிக்குக் கிட்ட. எட்டரையில் இரண்டு, கிட்டத்தட்டக் கால்பங்கு. எனவே எந்த வள்ளத்தைக் கீறினாலும், அது தண்ணீரைத் தொடும் கோட்டிலிருந்து அடிவானம் வரையுள்ள தூரத்தை நாலாகப் பிரித்தால், கீழ்ப்பங்குதான் வள்ளத்தின் உயரம். கிட்ட நிற்பதற்கும் அதுதான், மண்டைதீவுப் பக்கம் புள்ளியாகத் தெரிவதற்கும் அதுதான். வள்ளத்துக்குள் எழும்பி நிற்கும் ஆளின் தலை அடிவானத்துக்குக் கீழேதான் வரும். என் இரண்டாவது பலகையில் ஒரு வள்ளத்தில் நின்ற ஆளின் தலை வானத்துக்குள் போயிருந்தது. கணக்குப் பார்த்தால் அவர் பன்னிரண்டடி மனுசன்.

எழும்பி நின்று கீறினால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். ஆகவே இருந்து தொடங்கினால் இருந்தே முடியுங்கள். பாதியில் எழும்பி நின்று ஒரு வள்ளம், இருந்து ஒரு வள்ளம் என்று கீறினால் ஒன்று மிதக்கும், மற்றது தாழும். என் இரண்டாவது பலகையில் அதுவும் நடந்திருந்தது. ஐயா காற்றோடு நிறுத்திக்கொண்டார், அது அவர் பெருந்தன்மை.

மூன்றாவது பலகையைக் கெடுத்தது நிறமும் தண்ணீரும். கடல் என்றால் நீலம் என்று நினைத்து அல்ட்ராமரினையும் வெள்ளையையும் குழைத்துப் பூசினேன். பார்க்க நீச்சல் தடாகம்போல இருந்தது. யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழமில்லாத தண்ணீர். கீழே சேறு, சாதாளை என்கிற கடல்தாவரம். காலை எட்டு மணிக்கு அது ஒரு பச்சை கலந்த சாம்பல். எனக்கு இப்போது அதற்கு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. அல்ட்ராமரின் நீலமும் பேர்ண்ட் சியன்னா என்ற செம்மண்நிறமும் சேர்த்தால் கறுப்புக்குக் கிட்டிய ஒரு இருள் வரும். வெள்ளை விட்டால் அருமையான சாம்பல். நீலத்தைக் கூட்டினால் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் வெயிலேறும். அந்தச் சாம்பலுக்குள் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் கொஞ்சம் விட்டால் நம்மூர்த் தண்ணீர். கறுப்பு ரியூப் இதுவரை திறக்கவில்லை. வாங்கியது வீண்காசு.

இன்னொன்றும் கவனித்தேன். கால்மாட்டில் உள்ள தண்ணீருக்குள் அடிநிலம் தெரியும், தூரத்துத் தண்ணீரில் வானம்தான் தெரியும். நேரே கீழே பார்க்கும்போது தண்ணீர் வெளிச்சத்தைக் குறைவாகத்தான் தெறிக்க வைக்கும், சரிந்து பார்க்கும்போது கண்ணாடியாகிவிடும். ஆகவே முன்பக்கம் மண்ணிறமும் பாசியும், போகப்போக வான்நிறம். தண்ணீரை ஒரே நிறத்தில் மேலிருந்து கீழ்வரை பூசினால் அது படுத்துக் கிடக்காது, சுவர்போல எழும்பி நிற்கும்.

சரி, மூன்றாவது பலகை. ஆவணி மாதம், பத்து மணிக்கு மேல், சோளகம் முகத்தில் அடிக்கிறது. அக்ரிலிக் தண்ணீர் ஆவியாகித்தான் காயும். வீட்டுக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்குகிற மெல்லிய பூச்சு அங்கே மூன்று நிமிடத்தில் இறுகிவிட்டது. வானத்தை மேலே கொஞ்சம் நீலமாகவும் கீழே வெள்ளையாகவும் இழைய விட நினைத்தேன். பாதி காய்ந்த பூச்சின்மேல் ஈரத் தூரிகை பட, பழைய பூச்சு தோல்போலக் கிளம்பி வந்தது. பதறிப்போய் மேலும் மேலும் தண்ணீர் விட்டேன். போத்தல் தண்ணீர் முடிந்தது. அப்போது செய்ததுதான் புத்திகெட்ட வேலை: படியால் இறங்கிப்போய்க் கடல்தண்ணீரில் ஒரு ரின் அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் வானமெங்கும் வெள்ளைப் பூச்சாக உப்புப் பூத்துக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்தால் போகும், காய்ந்தால் திரும்ப வரும். அலுமாரிக்குப் பின்னால் மூன்றாவது.

அன்றிலிருந்து இரண்டு லீற்றர் குடிதண்ணீர் கொண்டு போகிறேன். ஒன்று கழுவ, ஒன்று குழைக்க. ஐஸ்கிறீம் பெட்டியின் அடியில் நனைத்த சமையலறைத் தாளை விரித்து, அதன்மேல் கேக் போடும் பேக்கிங் தாளை விரித்து, அதில் நிறத்தைப் பிதுக்குகிறேன். மூடி வைத்தால் அடுத்த நாளும் ஈரமாக இருக்கும். கடையில் இதற்கென்று விற்கும் பெட்டிகள் உண்டாம், ஐஸ்கிறீம் பெட்டியே போதும். பன்னீர்போலத் தூவும் சின்னப் போத்தல் ஒன்றும் வேண்டும். வானம் பூசமுன் பலகையில் ஒருதரம், நடுவில் ஒருதரம். வானத்துக்கு மட்டும் சுவருக்குப் பெயின்ற் அடிக்கும் இரண்டு அங்குலத் தூரிகை. சின்னத் தூரிகையால் வானம் இழைக்க முயன்றால் சோளகம் ஜெயிக்கும். தூரிகையில் நிறம் காய்ந்து கல்லாகிவிட்டால் மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் ஊற வையுங்கள், ஓரளவு மீளும். என்னுடையதில் ஒன்று மீண்டது, ஒன்று இப்போது அடுப்படியில் தோசைக்கல்லுக்கு எண்ணெய் பூசுகிறது என்று சொன்னால் அம்மா அடிப்பார், அதனால் சொல்லவில்லை.

இனி நாலாவது பலகையை எப்படித் தொடங்கினேன் என்பது.

முதல் நாள் நிறமே கொண்டு போகவில்லை. பயிற்சிக் கொப்பியும் ஒரு கறுப்புப் பேனாவும் மட்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிகளாக ஆறு கீறி, ஒவ்வொன்றிலும் இறங்குதுறையை மூன்றே மூன்று நிறத்தில் பிரித்தேன்: வெள்ளைத் தாள், கோடு போட்ட சாம்பல், முழுக் கறுப்பு. வள்ளமென்றோ ஆளென்றோ பிரித்துப் பார்க்கக் கூடாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வள்ளங்களும் அவற்றின் நிழலும் தளத்தின் அடிப்பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு உருவம் பெட்டிக்குள் எங்கே உட்கார்ந்தால் அழகு என்பதுதான் கேள்வி. ஆறில் நாலு உதவாதவை. ஐந்தாவதில் அடிவானத்தை மேலே ஏற்றி, தண்ணீருக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுத்திருந்தேன். அதை எடுத்தேன். நம்மூரில் மலையில்லை, தூரத்துக்கரை என்பது பனைகள் நிற்கும் ஒரு மெல்லிய கோடு. வானத்தில் பெரிய மேகக்கூட்டம் இல்லாத நாளில் வானத்துக்குப் பாதிப் பலகையைக் கொடுப்பது வெறுமையைக் கொடுப்பதுதான்.

கைத்தொலைபேசியில் படமும் எடுத்தேன். அதை நம்ப வேண்டிய இடமும் உண்டு, நம்பக்கூடாத இடமும் உண்டு. கயிறு எங்கே கட்டியிருக்கிறது, எஞ்சின் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதற்கு நம்பலாம். நிழலுக்குள் என்ன நிறம் என்பதற்கு நம்பக்கூடாது. வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி எடுத்து, வள்ளத்தின் நிழலையெல்லாம் கரியாக்கிவிடும். நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள் தண்ணீரிலிருந்து தெறித்த வெளிச்சம் பச்சையாக ஆடிக்கொண்டிருக்கும். தூரத்துக்கரையையும் அது நூலாக்கிவிடும். ஒரு வசதி உண்டு. பெரும்பாலான தொலைபேசிப் படம் நாலுக்கு மூன்று. என் பலகை 16 அங்குலத்துக்கு 12, அதுவும் நாலுக்கு மூன்று. நாலு அங்குலச் சதுரமாகப் பன்னிரண்டு கட்டம் போட்டால் படத்தை அப்படியே மாற்றலாம், ஓரத்தில் வெட்டுப்படாது. வேறு அளவில் பலகை வாங்குகிறவர்கள் சின்னப் பெட்டிப் படங்களையும் அதே அளவு விகிதத்தில் கீற வேண்டும். இல்லையென்றால் பெட்டியில் அழகாக நின்ற கறுப்பு பலகையில் இடம்மாறிப் போகும்.

பலகை ஹாட்போர்ட்தான். கன்வஸைவிட மலிவு, காற்றில் படபடக்காது. வழுவழுப்பான பக்கத்தை அரத்தாளால் இலேசாகத் தேய்த்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று தடவை. பின்பக்கமும் ஒரு பூச்சுக் கொடுங்கள், இல்லையென்றால் வளையும். வெள்ளைப் பலகையை வெயிலில் வைத்துக் கீறினால் கண் கூசும், பூசுகிற நிறமெல்லாம் இருட்டாகத் தெரியும். அதனால் வீட்டிலேயே பேர்ண்ட் சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து முழுவதும் ஒரு தடவை பூசிக் காயவிட்டுக் கொண்டு போனேன். தண்ணீரின் சாம்பல்பச்சைக்கு இடையில் அந்தச் செம்மண்நிறம் அங்கங்கே எட்டிப்பார்க்கும்போது கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டமண் நினைவு வரும். அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

பென்சிலை விட்டுவிட்டேன். கரித்துண்டும் சரிவரவில்லை, தூள் நிறத்தோடு கலந்து அழுக்காக்கும். மெல்லிய தூரிகையில் தண்ணீராக்கிய அல்ட்ராமரின். பிழைத்தால் ஈரத்துணியால் துடைக்கலாம், ஆனால் உடனே. முதல் கோடு அடிவானம், பலகையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் 4 அங்குலம் அளந்து. இரண்டாவது கோடு தளத்தின் விளிம்பு. பிறகு வள்ளங்கள் தண்ணீரைத் தொடும் இடங்கள் மட்டும், சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகள். வள்ளம் எதுவும் இல்லை. ஏழு நிமிடம் ஆனது. அதைவிடக் கூடினால் விவரத்துக்குள் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து வானத்தையும் தண்ணீரையும் ஒன்றாகத் தொடங்கினேன். ஒரே சாம்பலைக் குழைத்து, பாதியில் வெள்ளை கூட்டி வானம், மீதியில் ஓக்கர் விட்டுத் தண்ணீர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இரண்டும் ஒட்டி நின்றன. அடிவானத்துக்கு மேலே உள்ள வானம்தான் படத்தில் கூடிய வெளிச்சம். தண்ணீர் அதைவிட ஒரு படி கருமை. அக்ரிலிக்கில் ஒரு பொல்லாத குணம் உண்டு. ஈரத்தில் பால்போல இருக்கும் பசை காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும். அதனால் பூசும்போது பார்த்த நிறம் காய்ந்ததும் கொஞ்சம் கருத்துப்போகும். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றின் மட்டையில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் பார்த்து, அதற்குப் பிறகுதான் பலகையில் வைக்கிறேன். சோளகத்தால் வந்த ஒரே நன்மை, பொட்டு உடனே காயும்.

அரை மணித்தியாலத்தில் பலகை முழுவதும் மூடுப்பட்டுவிட்டது. வானம், தண்ணீர், தூரத்துக்கரைக் கோடு, தளத்தின் கருமை. இன்னும் ஒரு வள்ளம்கூட இல்லை, ஆனால் குருநகர் தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, பணிஸும் பிளேன்ரீயும் எடுத்துக்கொண்டேன்.

வள்ளம் கீறுவதற்கு 8 என்ற இலக்கத்தை வைத்து ஒரு வழி இருக்கிறது. படுத்த எட்டு ஒன்றைக் கீறி, ஒரு வளையத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் நசுக்கினால், வள்ளத்தின் விளிம்பு வளைவு அதற்குள்ளேயே கிடக்கும். பக்கவாட்டாக நிற்பதற்கு அது நல்லது. ஆனால் சோளகத்தில் எனக்குத் தெரிவது அமரம். அதற்கு எட்டு தேவையில்லை. அகலமான ஒரு ப, அதன் தோளிலிருந்து உள்ளே ஒடுங்கும் இரண்டு விளிம்பு, அவ்வளவுதான். நீளம் என்று நினைத்துக் கை இழுக்கும், விடாதீர்கள். 18 அடி வள்ளம் பின்னாலிருந்து பார்க்கும்போது அகலத்தைவிட நீளம் குறைவாகத் தெரியும். கண் நம்ப மறுக்கும். தூரிகைக் காம்பை நீட்டிப் பிடித்து அளந்தால் நம்பும்.

தண்ணீருக்குள் தெரியும் நிழலுருவம் பொருளுக்கு நேர் கீழே விழும். வெயில் எந்தப் பக்கம் என்பது அதற்குப் பொருட்டில்லை. வெள்ளை வள்ளத்தின் உருவம் தண்ணீரில் கொஞ்சம் கருக்கும், கறுத்த தூணின் உருவம் கொஞ்சம் வெளிறும். தூண் உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் அதன் உருவம் தூணைவிட நீளம், அங்கால் சாய்ந்திருந்தால் குட்டை. இவற்றை ஈரத்தோடு செங்குத்தாக இழுத்துவிட்டு, காய்ந்தபின் மேலே இரண்டு மூன்று படுக்கைக் கீற்று. மூன்றுக்கு மேல் வேண்டாம். கயிறு கடைசி. நீண்ட மயிர் கொண்ட மெல்லிய தூரிகையில் நிறத்தை மைபோல இளக்கி, மூச்சைப் பிடித்து ஒரே இழுவை. கயிறு தொய்யும். ஆனால் காற்று நாளில் நங்கூரக்கயிறு தொய்யாது, விறைத்து நிற்கும். மீண்டும் அதே அம்புக்குறி.

வள்ளம் எடுத்துப் போவது தொந்தரவாக இருப்பவர்களுக்கு மயிலிட்டி நல்லது. 1990இல் ஊரோடு இழந்து 2017 ஜூலையில் திரும்பக் கிடைத்த துறைமுகம். பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் அங்கே ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். மரம் உக்கி, பெயின்ற் உரிந்து, பார்க்க மனம் பாரமாகும். கீறுகிறவர்களுக்கு மட்டும் அவை நாளைக்கும் அதே இடத்தில் நிற்கும். அங்கே தண்ணீர் வேறு. பாக்கு நீரிணைப் பக்கம், வெயிலேறினால் உண்மையாகவே பச்சைநீலம். குருநகர்ச் சாம்பலை அங்கே கொண்டுபோய்ப் பூசாதீர்கள், தேலோ நீலம் ஒரு துளி வேண்டும். துளி என்றால் துளிதான், அது பலகையையே விழுங்கும். கடற்படை முகாம் உள்ள பக்கங்களில் படம் எடுக்கமுன் கேட்டுக்கொள்வது புத்தி. எந்தக் கரையானாலும் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இருங்கள். வலை காயும் இடத்தில் முக்காலி போட்டு ஒருதரம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

நாலாவது பலகை அலுமாரிக்குப் பின்னால் போகவில்லை. முன்பக்கத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, தளத்தில் நிற்கும் ஒரு ஆளுக்குக் கை நீளம். ஆனாலும் போன கிழமை அதைப் படமெடுத்து, கரையில் வலை பொத்தும் ஐயாவிடம் தொலைபேசியை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

“ம்... சோளகம்தான்” என்றார். பிறகு நடுவில் நின்ற ஒன்றில் விரலை வைத்தார். “இது எங்கட.”

“ஓம் ஐயா.”

“கயிறு பிழை பிள்ளை. நீலக்கயிறு அறுந்துபோச்சு. இப்ப பச்சையெல்லோ போட்டிருக்கிறன்.”